முன் அறை மாணிக்கத்துக்கு, பின் அறை சரோஜினிக்கு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் புதுக் கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

"மேடம், இப்ப ஒரு புது மாதிரி கிளையன்ட்ஸ் வர்றாங்க. கல்யாணம் பண்ணாம ஒரே வீட்டுல இருக்காங்க. அதுக்கு அக்ரிமெண்ட் போட்டுத் தாங்கன்னு கேக்கறாங்க. நீங்க இந்த மாதிரி கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். பாவத்தைத் தாங்கள்தாம் முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொரு தலைமுறையும் நம்புகிறது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவள் விடுவதாக இல்லை. அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று நச்சரித்தாள். எழுதுகிறேன். படித்துவிட்டுப் புதுமைக்காரர்கள் என்ற பட்டத்தை அவர்களே தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அம்மா மாதா கோயிலில் ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிடாதவர். லண்டனில் நான் சட்டம் படித்ததும், குளிரில் நடுங்கியதும், திரும்பி வந்ததும் இந்தக் கதைக்கு வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸிலேயே, வழக்கறிஞர் அம்பலவாணரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டேன்.

அலுவலகம் மாடியில். கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் அரைக்கிற நாளில் எங்கள் கட்சிக்காரர்கள் எல்லோரும் கண்ணீர் மல்கத்தான் வாக்குமூலம் கொடுப்பார்கள்.

அம்பலவாணர் யாழ்ப்பாணத் தமிழர். அவருடைய தகப்பனார் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்கு இங்கே வந்தவர். மகன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோலாலம்பூரில்தான் என்றாலும் பேச்சை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து நேற்று இறக்குமதி செய்தது போல வைத்திருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, டை. சுத்த சைவம். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. மரியாதையாகப் பேசியே ஆளைக் கொன்றுவிடுவார்.

சேர்ந்து வாழ்பவர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞர்கள் அப்போது ஊரில் அதிகம் இல்லை. பெரிய மனிதர்கள் அந்த வேலைக்கு மூக்கைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டு, தங்கள் மைத்துனர்களை ரகசியமாக எங்களிடம் அனுப்பிவைப்பார்கள். கட்டின மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு வீடு நடத்த வழி கேட்டு வருகிற ஆண்களும் உண்டு. அவர்களை அம்பலவாணர் வாசல்வரை வந்து வழியனுப்புவார். "நீங்கள் கேக்கிறது ஒப்பந்தம் இல்லை ஐயா, வசதி. அதுக்குச் சட்டத்தில இடமில்லை. ஹோட்டலில கேட்டுப் பாருங்கோ."

மற்றவர்களுக்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். பிறகு ஆணைத் தனியாக. அதன் பிறகுதான் இருவரையும் சேர்த்து. ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பார். சொல்லத் தெரியாதவருக்குப் பேனா கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வார்த்தைகளைக் குளிப்பாட்டி எடுக்க வேண்டும் அவருக்கு. ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது சட்டம். கல்யாணம் ஆகாத இருவர் ஒன்றாக வாழ்கிறார்கள் என்று காகிதத்தில் ஒரு வரி இருந்தால் போதும், எதிர்க்கட்சி வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு முழு ஒப்பந்தத்தையும் குப்பையில் போட்டுவிடலாம். எனவே நான் எழுதிய முதல் நகலில் 'வாழ்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்ததைச் சிவப்புப் பென்சிலால் அடித்து 'வசிக்கிறார்கள்' என்று திருத்தினார்.

"வாழுறவன் மனுசன், பிள்ளை. வசிக்கிறவன் வெறும் குடியிருப்பாளன். கோர்ட்டுக்கு மனுசரைப் பிடிக்காது."

அப்படி எழுதியதில் முதல் ஜோடி சாலாக் செலாத்தானிலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற தமிழ்த் தபால்காரர் ஒருவர், சந்தையில் கூவே பலகாரம் விற்கும் சீனப் பெண்மணி ஒருவர். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இவர்களைத் தலைமுழுகிவிட்டன. இவருக்குச் சீனம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. சந்தைப் பேச்சான பாசார் மலாயில்தான் சண்டையும் சமாதானமும். வீட்டுப் பாகப்பிரிவினையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஆனால் முன்கூடத்தில் எந்தச் சாமிக்கு எந்தச் சுவர் என்பதில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. கடைசியில் சீனச் சாமியின் சிவப்பு மேடை கிழக்குச் சுவரில், முருகன் படம் மேற்குச் சுவரில், ஊதுபத்திச் செலவு பொது என்று அம்பலவாணர் எழுதினார். அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, இரண்டு சாமிகளும் ஒன்றையொன்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டை வராதா என்று மலாயில் கேட்டார். "அதுக்குத் தனி ஒப்பந்தம்" என்றார் அம்பலவாணர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

என் அம்மாவிடம் கோயிலில் யாரோ, உங்க மகள் என்ன கேஸ் எடுக்கறா என்று கேட்டிருக்கிறார்கள். "பாவத்துக்கு ரசீது போட்டுக் குடுக்கறா" என்றாராம் அம்மா. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இனி கிள்ளான் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மாணிக்கமும் சரோஜினியும் வந்தார்கள். மாணிக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்குவதற்குள் கல்யாண வயது தாண்டிவிட்டது. சரோஜினி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் கடன்காரன்கூட 'ஹலோ' என்பான். மாணிக்கம் மரியாதைக்கு ஒரு பிளாஸ்டிக் பை நிறைய உயிர் நண்டு கொண்டுவந்திருந்தார். பைக்குள் ஏதோ நடமாடுவதைச் சைவரான அம்பலவாணர் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "பிள்ளை, இவரின்ர ஆவணங்களை நீர் பத்திரப்படுத்தும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். அன்று எங்கள் வீட்டில் நண்டுக் கறி. அம்மாகூட அன்று என் வேலையைப் பற்றி நல்லதாகப் பேசினார்.

கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்கு என்ன தடை என்று சரோஜினியிடம் கேட்டார் அம்பலவாணர்.

"பென்ஷன் சார். என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையில இருந்தவர். நான் மறுபடி கல்யாணம் பண்ணா விதவைப் பென்ஷனை நிறுத்திடுவாங்க. இவர் சொல்றார், அது போனா போகட்டும்னு. எனக்கு வேணும் சார். அது அந்த மனுஷன்கிட்ட நான் பட்ட பாட்டுக்குக் கிடைச்ச சம்பளம்."

செத்தவருக்கு விசுவாசமாக இருக்கச் சொல்லி அரசாங்கமே ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் கொடுக்கிறது. அந்தப் பெண் இன்னொருவரோடு ஒரே வீட்டில் இருந்தால் ஊர் காறித் துப்புகிறது. இந்த இரண்டில் எது ஒழுக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீடு கிள்ளானில் ஒரு வரிசை வீடு. துறைமுகத் தொழிலாளர் கூட்டுறவுக் கடனில் வாங்கியதால் மாணிக்கத்தின் பெயரில் இருந்தது. கடனைக் கட்டுவது இருவரும்தான். தனக்கு ஏதாவது ஆனால் சரோஜினி தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான் மாணிக்கத்தின் கவலை.

அம்பலவாணர் எழுதினார். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் வீடு இருவருக்கும் சமபங்கு. சரோஜினியின் பாதியை மாணிக்கம் அவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறார். ஒருவர் இறந்தால் மற்றவர் சாகும்வரை அங்கே வசிக்கலாம், யாரும் வெளியேற்ற முடியாது. பிறகு சட்டத்தின் கண்ணுக்கு மை தீட்டுவதற்காக ஒரு பிரிவு: முன் அறை மாணிக்கத்துக்கு, பின் அறை சரோஜினிக்கு.

சரோஜினி சிரித்துவிட்டார். "முன் ரூம்ல அரிசி மூட்டைதான் சார் இருக்கு."

"இருக்கட்டும். அரிசி மாணிக்கத்தின்ர விருந்தாளி."

முழுவதையும் கேட்டு முடித்ததும் சரோஜினியின் சிரிப்பு போய்விட்டது. "இதுல நாங்க ரெண்டு பேரும் யாருன்னே இல்லையே சார்."

"இல்லை. வேணுமெண்டுதான் விட்டனான்."

"ஒரு வரி போடுங்க."

"அந்த ஒரு வரிதான் உங்கட வீட்டைக் கொளுத்தும் அம்மா. உறவு ஏதும் எழுதவேணுமெண்டால் ஒரு வழி இருக்கு. வேற வக்கீல்மார் செய்யிறது. வீட்டுப் பணிப்பெண் எண்டு எழுதலாம். அதுக்கு மேல பாதுகாப்பான வார்த்தை இல்லை."

சரோஜினி எழுந்து நின்றார். "என் வீட்டுல நான் வேலைக்காரியா? அப்படி ஒரு பேப்பர் எனக்கு வேணாம். ரோட்டுல நின்னாலும் நின்னுக்கறேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாணிக்கம் மெதுவாகப் பேசினார். "பாஸ், கிரேன்ல மேல உக்காந்தா கீழ இருக்கறது எனக்குத் தெரியாது. கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். அவன் காட்டாம நான் ஒரு பெட்டியத் தூக்க முடியாது. அவன் என்னோட வேலைக்காரன் இல்ல, முதலாளியும் இல்ல. ஆனா அவன் இல்லாட்டி ஆள் செத்துருவான் லா. அந்த மாதிரி ஏதாச்சும் எழுதுங்க."

அம்பலவாணர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த மனிதர் ஒரு வார்த்தைக்காக அவ்வளவு நேரம் தேடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசியில் முகப்பில் ஒரு வாசகம் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஒவ்வொருவரும், எல்லோருக்கும் முன்பாக மற்றவர் நம்பியிருக்கும் நபர்.'

சரோஜினி அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். "சரி. புருஷன்னு எழுதறதவிட இது மேல்."

கையெழுத்தானது. முத்திரை குத்திவர ஸ்டாம்ப் ஆபீஸுக்கு நானே போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, அண்ணன் தங்கச்சியா என்று கேட்டார். அம்பலவாணர் குளிப்பாட்டிய வார்த்தைகள் வென்றுவிட்டன என்று அப்போதே தெரிந்தது.

உயிலும் எழுதிவிடுங்கள் என்று அம்பலவாணர் எத்தனையோ முறை சொன்னார். மாணிக்கம் கேட்கவில்லை. "உயில் வேணாம் பாஸ். எழுதினா எமனுக்கு அட்ரஸ் குடுத்த மாதிரி."

எமனுக்கு அட்ரஸ் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மாணிக்கம் ஷிஃப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கினார். கேண்டீனில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரேக் ஒன்று சொன்னார். அது மேசைக்கு வருவதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் சரோஜினி. நெருங்கிய உறவினர் யார் என்று அங்கே கேட்டார்கள். அவர் பதில் தேடுவதற்குள் தம்பி தனபாலன் வந்து கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொண்டார்.

இந்தத் தனபாலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் கிரேனில் ஏறி ஏறிப் படிக்கவைத்த தம்பி. இப்போது பெரிய காண்ட்ராக்டர், சஃபாரி சூட், கை நிறைய மோதிரம், கோயில் தலைவர். ஒழுக்கத்தைப் பற்றி மைக்கில் பேசுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முதல் மனைவி காலமானபின், எண்பதுகளின் பின்பாதியில், கமலவேணி என்ற பெண்ணை அதே கோயிலில் தடபுடலாகக் கல்யாணம் செய்திருந்தார். அண்ணன் சரோஜினியோடு சேர்ந்த நாளிலிருந்து இவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

இறுதிச் சடங்கு தம்பி வீட்டில் நடந்தது. சரோஜினியை அக்கம்பக்கத்தாரோடு உட்காரச் சொல்லிவிட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதவர்களில் பாதிப் பேருக்கு மாணிக்கம் சர்க்கரை போட்டுத் தேநீர் குடிப்பாரா என்றுகூடத் தெரியாது. மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு அறிவிப்பு வந்தது. தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், பந்திங்கில் இருக்கும் ஒன்றுவிட்ட சகலைவரை பெயர் இருந்தது. சரோஜினி இல்லை.

காரியம் முடிந்த கையோடு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. மாணிக்கத்தின் ஒரே வாரிசு தனபாலன். வீட்டில் இருக்கும் பணிப்பெண் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஏதோ ஒப்பந்தம் என்று காட்டப்படுவது ஒழுக்கக்கேடானது, செல்லாது. சட்டபூர்வமான, கண்ணியமான திருமணங்களை மட்டுமே அறிந்த ஒரு குடும்பத்துக்கு அது இழுக்கு.

சரோஜினி அதை எங்கள் மேசையில் வைத்தார். அழவில்லை. "நீங்க எழுத வேணாம்னு நான் சண்டை போட்ட வார்த்தையை அவங்க எழுதிட்டாங்க சார்."

அம்பலவாணர் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வார்த்தையை முதன்முதலில் இந்த அறையில் சொன்னவர் தாம்தான் என்பதற்காக. பிறகு கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு போட்டார். கண்ணியமான திருமணங்களை மட்டுமே அறிந்த குடும்பம். "இந்த வரியை எழுதினவனுக்கு வயசு காணாது, பிள்ளை. தேவையில்லாத வரி."

அன்றே கிள்ளான் லேண்ட் ஆபீஸுக்குப் போய், வீட்டை யாரும் விற்கவோ மாற்றவோ முடியாதபடி தடை பதிந்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பேச்சுவார்த்தைக்கு எல்லோரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். தனபாலன், அவருடைய இளம் வழக்கறிஞர், தலையில் மல்லிகையும் கழுத்தில் தாலிக்கொடியுமாகக் கமலவேணி. குடும்ப கௌரவத்துக்குக் காட்சிப் பொருளாக அவரை அழைத்துவந்திருக்க வேண்டும். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தனபாலன் மைக் முன்னால் நிற்பது போலத் துவங்கினார். "சார், நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். முன் ரூம் எங்க அண்ணனுக்குன்னு எழுதியிருக்கீங்க. அங்க கட்டிலே இல்ல சார்! அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும்தான் கிடக்கு. அப்ப அவர் எங்க படுத்தார்?"

"உங்கட அண்ணர் எங்க படுத்தவர் எண்டு ஒப்பந்தத்தில இல்லை ஐயா. எந்த அறை அவரின்ர எண்டுதான் இருக்கு. தன்ர அறையில ஒரு மனுசன் அரிசி வைக்கக்கூடாதெண்டு சட்டமிருந்தால், உங்கட வக்கீல் எடுத்துக் காட்டட்டும்."

இளம் வழக்கறிஞர் ஒப்பந்தத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார்.

"அது இருக்கட்டும் சார். தாலி கட்டாம இருந்தவளுக்கு என்ன உரிமை? எங்க குடும்பத்துல இந்த மாதிரி வழக்கமே கிடையாது."

"ஓம், அதை உங்கட கடிதத்திலயும் பாத்தனான். மெத்தச் சந்தோஷம். வழக்கு நடந்தால் அந்த வரியைப் பற்றி நான் உங்களைக் கூண்டில கேக்க வேண்டிவரும். இப்பவே கேட்டால் நேரம் மிச்சம். உங்கட திருமணச் சான்றிதழ் இருக்கோ?"

"என் கல்யாணத்துக்கா? ஆல்பம் இருக்கு. வீடியோ இருக்கு."

"சான்றிதழ்?"

"ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம் சார் அது!"

"சாப்பாட்டைப் பதிவு செய்யிற சட்டம் இன்னும் வரேல்லை ஐயா."

அவருடைய வழக்கறிஞர் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டினால் போதும். அதற்குப் பின், இஸ்லாமியர் அல்லாதவர்கள் பதிவும் செய்ய வேண்டும். ஊரில் பல பேர் நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுத்தார்கள், பதிவை மறந்தார்கள். கோயில் தலைவரும் மறந்திருந்தார். அதைத்தான் அம்பலவாணர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிதானமாக விளக்கினார். நீதிமன்றத்தில் இதை இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் வாதாடலாம் என்றார். ஆனால் வாதாடும்போது பத்திரிகைக்காரர்கள் பின்வரிசையில் இருப்பார்கள் என்றார். பிறகு சரோஜினியைக் கை காட்டினார்.

"சட்டத்தின்ர கண்ணில, ஐயா, உங்கட வீடும் இந்த அம்மாவின்ர வீடும் ஒண்டுதான். ஒரேயொரு வித்தியாசம். இவவின்ர கையில ஒப்பந்தம் இருக்கு."

அப்போதுதான் கமலவேணி வாய் திறந்தார். கணவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் யாருங்க?"

கீழே மிளகாய் அரைக்கத் தொடங்கியிருந்தார்கள். அன்று அந்த அறையில் யார் எதற்காகக் கண்ணைத் துடைத்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே முடிந்தது. ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு, அண்ணனின் பாதியையும் சரோஜினிக்கே விட்டுக்கொடுப்பதாகத் தனபாலன் எழுதிக்கொடுத்தார். இதை மிரட்டல் என்று சொன்ன வழக்கறிஞர்கள் உண்டு. அம்பலவாணர் 'விளக்கம்' என்றார்.

கையெழுத்துக்கு முன் சரோஜினி ஒன்று கேட்டார். "வருசாந்திரத்துக்குப் பேப்பர்ல நினைவஞ்சலி போடுவீங்கல்ல? அதுல என் பேர் முதல்ல வரணும்."

தனபாலன் திணறினார். "என்ன முறைன்னு போடறது?"

"முறை வேணாம். பேர் மட்டும் போடுங்க. மத்தது எங்களுக்குத் தெரியும்."

வருடம் திரும்பியதும் போட்டார்கள். மாணிக்கத்தின் படத்துக்குக் கீழே, எல்லோருக்கும் மேலே, ஒரு ஒட்டும் உறவும் இல்லாமல் 'சரோஜினி' என்று இருந்தது. நான் பார்த்த நினைவஞ்சலிகளில் பொய்யே இல்லாத வரி அது ஒன்றுதான்.

ஆனால் அதற்கு வெகு முன்பே, பேச்சுவார்த்தை முடிந்த சில வாரங்களில், கமலவேணி தனியாக பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அதே தாலிக்கொடி, மல்லிகை மட்டும் இல்லை.

"சார், அந்த அக்கா வச்சிருக்காங்களே, அந்த மாதிரி எனக்கும் ஒரு பேப்பர் வேணும்."

"நீங்கள் பதிவுத் திருமணமே செய்யலாமே அம்மா. அது இன்னும் நல்லது" என்றார் அம்பலவாணர்.

"கேட்டேன் சார். இவ்வளவு நாள் குடும்பம் நடத்திட்டு இப்ப என்னை நம்பலையான்னு கேக்கறார். கோயில் தலைவர் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய் நின்னா ஊரு சிரிக்குமாம். அவர் அப்படிக் கேட்டதுலேர்ந்துதான் சார் எனக்கு நம்பிக்கை இல்ல. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அம்பலவாணர் என்னைப் பார்த்தார். நான் தட்டெழுத்து இயந்திரத்தில் காகிதம் செருகினேன். பெயர், முகவரி எல்லாம் அடித்தாயிற்று. திருமண நிலை என்று வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. சட்டம் ஒரு வார்த்தையைத்தான் அனுமதித்தது. கமலவேணி என் தயக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம் அங்க வரும்?"

சொன்னேன். "ஸ்பின்ஸ்டர். கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு அர்த்தம்."

அவர் தாலிக்கொடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, எனக்கு இன்றும் காதில் நிற்கிற ஒரு அமைதியோடு சொன்னார். "அடிங்க. அவர் கையெழுத்துப் போட வரும்போது அந்த வார்த்தையைத் தமிழ்ல சத்தமா படிச்சுக் காட்டுங்க."

தனபாலன் வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் பிள்ளைகளோடு காப்பாரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுவதாகக் கமலவேணி சொல்லியிருக்கிறார். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி இல்லாமல் மேடையில் மாலை வாங்க முடியாதே. அம்பலவாணர் தம் வழக்கப்படி வரிவரியாகப் படித்தார். 'கமலவேணி, கல்யாணம் ஆகாதவர்' என்ற இடத்தில் குரலைச் சற்றுக்கூட ஏற்றவில்லை, இறக்கவுமில்லை.

"திருப்பிச் சொல்லுங்கோ ஐயா. எங்கட முறை அது. விளங்கினதெண்டு தெரிஞ்சால்தான் பேனா தருவன்."

தனபாலன் 'கமலவேணி' என்பதுவரை சொன்னார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் காகிதத்தை மெல்ல அம்பலவாணர் பக்கமாகத் தள்ளினார்.

"ரெஜிஸ்டர் ஆபீஸ் எங்க சார் இருக்கு?"

போராங், அதாவது விண்ணப்பப் படிவம், பூர்த்தி செய்ய நானே கூடப் போனேன். தனபாலனுக்குத் தெரியாத ஒரு விதியை அங்கே கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் விளக்கினாள். பதிவுக்கு முன், இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்துகொள்ளப்போகிறார்கள் என்ற அறிவிப்பை அலுவலகப் பலகையில் சில வாரங்கள் ஒட்டிவைப்பார்கள். யாருக்கும் விலக்கு கிடையாது. மணமகன் பெயர், மணமகள் பெயர், தொழில், முகவரி, எல்லாம் ஊர் பார்க்க. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் கிள்ளானில் உள்ள தமிழர்கள் எல்லோரும் வந்து வரிசையில் நிற்கிற இடம் அது. தலைவர் தம் கல்யாணச் செய்தியைத் தாமே வெளியிட்டுவிட்டு, தலை குனிந்தபடி காருக்கு நடந்தார். கமலவேணி நிமிர்ந்து நடந்தார்.

இரண்டொரு நாளில் சரோஜினி தொலைபேசியில் கூப்பிட்டார். ட்ரங்க் கால் இணைப்புக் கொடுக்கும் அதே தேன் குரல்.

"மேடம், ஒரு சந்தேகம். ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போனேன். தனபாலனுக்குக் கல்யாணமாம், போர்டுல போட்டிருக்கு. ஆட்சேபம் இருந்தா தெரிவிக்கணுமாம்."

"உங்களுக்கு ஆட்சேபமா?" என்றேன் பதறிப்போய்.

"சேச்சே. பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. எனக்கு ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் குடுக்கலாமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."